எம் ஃபார் அப்பா

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. தண்டபாணி சார் இப்போது வந்துவிடுவார். வெளியே லாரிக்காரர்களைச் சமாதானம் செய்யப் போயிருக்கிறார். சமாதானம் என்றால் அவர்கள் திட்டுவார்கள், சார் கேட்டுக்கொண்டு நிற்பார். திட்டி முடித்ததும் வருவார்.

டீ எடுத்துக்கோங்க. கேண்டீன் டீதான். ஆறிவிட்டால் குடிக்க முடியாது.

நான் அதிகம் பேசமாட்டேன் மேடம். ஜோதிக்கு வாய் இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும் என்று ஜெசிந்தா அக்கா சொல்வார். அக்கவுண்ட்ஸ் அவர்தான். அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர். இரண்டு நாளாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். பாவம்.

நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறீர்கள், நடந்ததைச் சொல் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. நூலைக் கோனில் சுற்றும் இடத்தில் வேலை பார்த்தேன். பாப்பா பிறந்த பிறகு, எழுத்தும் எண்ணும் தெரியுமே என்று குடோன் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். பாப்பா இங்கேயே மில் காப்பகத்தில் இருக்கிறாள். இந்நேரம் தூங்கியிருப்பாள்.

முதலில் பழைய பெட்டி இருந்தது மேடம். குண்டு டிவி மாதிரி. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. உங்கள் ஊர் தலைமை ஆபீஸில் இருக்கிற பெரிய மிஷினுக்கு நேரே ஒயர் போகும் என்பார்கள். லாட் நம்பர், மூட்டை, லாரி நம்பர் அடித்தால் கேட் பாஸ் வந்துவிடும். மவுஸ் கிடையாது. எஃப் மூன்றை அழுத்தினால் மரியாதையாகப் பின்னால் போகும். ஒரே திரை, ஒரே வேலை. அதோடு எனக்கு ஒரு வம்பும் வந்ததில்லை.

பொங்கல் கழிந்ததும் அதையெல்லாம் எடுத்துப்போய்விட்டு இந்தப் புதுசை வைத்தார்கள். இதில் விண்டோஸ் இருக்கிறது. அதற்குள்ளே ஒரு ஜன்னல் மாதிரி திறந்தால் அந்தப் பழைய கறுப்புத் திரையே வருகிறது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. செத்துப்போனவர் போட்டோவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. பச்சை எழுத்தை மவுஸால் இழுத்து, காப்பி எடுத்து, எக்செல்லில் ஒட்டலாம். அங்கிருந்து வேர்டுக்குப் போய், மில் முத்திரையோடு கேட் பாஸ் அச்சாகிவிடும். வசதிதான். வசதி இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதல் நாள் பழக்கத்தில் எஃப் ஒன்றை அழுத்திவிட்டேன். பழைய பெட்டியில் அது எடை போடுகிற சாவி. இதில் அழுத்தினால் விண்டோஸ் வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. எழுந்து நின்றுவிட்டேன். ஜெசிந்தா அக்கா வந்து, "ஏண்டி, கலெக்டரா வந்திருக்காரு, உக்காருடி" என்றார்.

அப்புறம் எக்செல். லாட் நம்பருக்கு முன்னால் இருக்கிற சைபரை அது தின்றுவிடும் மேடம். இங்கே இரண்டு சைபரோடு எடுத்து அங்கே ஒட்டினால் சைபர் இருக்காது. ஈரோட்டில் லாட் நம்பர் சேரவில்லை என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற வசந்த் தம்பிதான் சரிசெய்து கொடுத்தது. அந்தத் தம்பிக்கு மூன்று மில், எப்போதும் போனில்தான் இருக்கும்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் அந்தச் சிவப்புக் குறி.

இங்கே பாருங்க, ஜன்னலுக்கு மேலே வலது மூலையில். குறுக்கே இரண்டு கோடு. கணக்கு தப்பென்றால் எங்கள் டீச்சர் சிவப்பு மசியில் இப்படித்தான் போடுவார். வேலை முடிந்ததும் அதை அழுத்தி மூடச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அழுத்தினேன். புதுசு வந்த முதல் வாரம், பெருமாள் அண்ணன் வண்டி கரூர் கிளம்பியது. கேட்டைத் தாண்டும்போதே நான் சிவப்பை அழுத்தி மூடிவிட்டேன். அரவக்குறிச்சி தாண்டவில்லை, வண்டி கவிழ்ந்து, அண்ணனுக்குக் கால் போச்சு. போச்சு என்றால் இருக்கிறது, தகடு வைத்திருக்கிறார்கள்.

பிரேக் கோளாறு என்றார்கள். அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள்.

நீங்களே சொல்லுங்க மேடம். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் போயிட்டு வரேன் என்றுதான் சொல்கிறார். போறேன் என்று யாராவது சொல்கிறார்களா? வண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, டிரைவர் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை, இங்கே நாம் அவர் பேரைத் திரையில் வைத்துக்கொண்டு குறுக்கே சிவப்புக் கோடு போட்டு மூடினால் அதற்கு என்ன அர்த்தம்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிவப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் படுக்கைக் கோடு இருக்கிறதே, அதை அழுத்தினால் ஜன்னல் மூடாது, கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது பிடித்துவிட்டது. வண்டி கிளம்பியதும் இறக்கி வைத்துவிடுவேன். அடுத்த வண்டிக்குப் புதுசாக ஒன்று திறப்பேன். டிரைவர் போன் போட்டு, சேர்ந்துவிட்டேன் என்று சொன்னால், அப்போது மேலே எடுத்து மூடுவேன். ஆள் சேர்ந்த பிறகு சிவப்பை அழுத்தினால் ஒன்றும் இல்லை.

அதிலிருந்து இன்றுவரை ஒரு வண்டி கவிழவில்லை மேடம். ஒரு டயர் வெடிக்கவில்லை. தண்டபாணி சார் அமாவாசைதோறும் கூடுதலாகப் பூசணிக்காய் உடைப்பதுதான் காரணம் என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

இல்லை, ராத்திரியிலும் அணைக்கமாட்டேன். டிவி மாதிரி இருக்கிறதே, அதை மட்டும் அணைப்பேன். உள்ளே இருக்கிறவர்கள் ஓடிக்கொண்டுதானே இருப்பார்கள்.

சும்மா விட்டுவைத்தால் தானாக வெளியே தள்ளிவிடாதா என்கிறீர்களா? தள்ளும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. மூட்டை எண்ணிவிட்டு வருவதற்குள் வெளியே தள்ளிவிடும். எல்லாரும் திட்டியதில் வசந்த் தம்பி அதை எடுத்துவிட்டது. எனக்கு ரொம்ப நிம்மதியாகிவிட்டது.

சரி, கோளாறுக்கு வருகிறேன். சித்திரை பிறந்ததிலிருந்தே ஜெசிந்தா அக்காவுக்கு ஜன்னல் திறப்பது சிரமமாகிவிட்டது. இடம் இல்லை, பிறகு முயற்சி செய்யவும் என்று வரும். காலையில் சீக்கிரம் வந்தால் கிடைக்கும். அக்கா இட்லியைக் கட்டிக்கொண்டு வாட்ச்மேனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை இடம் கிடைத்தால் விடமாட்டார், பாத்ரூம் போகிறபோது என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவார். முந்தாநாளிலிருந்து அவருக்கும் இல்லை. எனக்கும் புதுசு திறக்கவில்லை. கேட் பாஸ் இல்லாமல் வண்டி நகராது. வெளியே பார்த்திருப்பீர்களே, தார்ப்பாய் கட்டி எத்தனை வண்டி நிற்கிறதென்று.

வசந்த் தம்பி போனில் விளக்கிச் சொன்னது. பெரிய மிஷின் கல்யாணப் பந்தி மாதிரியாம். இத்தனை இலைதான் போடுவார்களாம். ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாமாம். யாரோ சாப்பிட்டு முடித்தும் எழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை, எல்லா இடத்திலும் ஒரே பேரைப் போட்டு உள்ளே போவதால் கண்டுபிடிக்க முடியவில்லை, இந்த மில்லிலிருந்துதான் என்பது மட்டும் தெரிகிறது என்றது.

எனக்குக் கோபம் வந்தது மேடம். எனக்குக் கோபம் வருவதே அபூர்வம். அத்தனை பேர் பசியோடு நிற்கும்போது எழாமல் உட்கார்ந்திருக்கிறவர் என்ன மனுஷர்? அப்படியே கேட்டேன். அந்தத் தம்பி, "ஜோதிக்கா, உங்க திரையில இப்ப என்ன இருக்கு?" என்றது. பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மில் படம் மட்டும்தான் இருந்தது. "ஒண்ணும் இல்லை தம்பி" என்றேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்.

என் கஷ்டம் வேறு மேடம். நீங்களும் கல்யாணம் ஆனவர் மாதிரி தெரிகிறது, அதனால் சொல்கிறேன். பாப்பாவோட அப்பாவும் இந்த மில் வண்டிதான் ஓட்டுகிறார். பிவண்டிக்கு லோடு கொண்டு போயிருக்கிறார். மகாராஷ்டிரா. போய்ச் சேர்ந்தும்விட்டார். ஆனால் சேர்ந்ததாக ஆகவில்லை. அங்கே நம் டெப்போவிலும் இதே கறுப்புத் திரைதான். அதைத் திறந்து வண்டி வந்தது என்று அடித்தால்தான் கேட்டுக்குள் விடுவார்களாம். அவர்களுக்கும் திறக்கவில்லை. இரண்டு நாளாக ரோட்டோரத்தில் வண்டியைப் போட்டுக்கொண்டு கிடக்கிறார். அங்கே மழை பிடித்துவிட்டது. தார்ப்பாயில் ஒரு கிழிசல் உண்டு, எனக்குத் தெரியும். நூல் நனைந்தால் டிரைவர் தலையில்தான் விழும். அவருக்குக் காய்ச்சல் வேறு. சொல்லமாட்டார், குரலில் தெரியும். நேற்று போனில், "ஜோதி, உங்காளுங்க கம்ப்யூட்டர் என்னைக்குத்தான் கண்ணத் திறக்கும்?" என்று கேட்டார். நம்மால் முடிந்தது அவருடைய ஜன்னலை மூடாமல் வைத்திருப்பது. அதை வைத்திருக்கிறேன். உள்ளே விடும் வரைக்கும் வைத்திருப்பேன்.

எதுவா? கீழே இருக்கிறது மேடம். இந்தப் பட்டையில் மவுஸைக் கொண்டு போங்க. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தானாகவே ஒரு இங்கிலீஷ் எழுத்து விழும். ஏ, பி, சி, இப்படி. அவருக்கு எம் விழுந்திருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பாப்பாவை இங்கே தூக்கிவந்தால் அதைத் தொட்டுக் காட்டுவேன். காப்பகத்தில் ஆயா எம் ஃபார் மங்கி என்று சொல்லிக் கொடுத்தார்கள். இவள் எம் ஃபார் அப்பா என்று ஒரே அழுகை. ஆயா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

என்ன மேடம் அப்படிப் பார்க்கிறீர்கள்?

எண்ணுங்க. எண்ணுவதில் ஒன்றும் இல்லை. டபிள்யூ வரைக்கும் இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று எழுத்து இருக்காது, அவர்கள் சேர்ந்துவிட்டோம் என்று போன் போட்டவர்கள்.

மற்றவர்கள் போடவில்லை. வாடகை வண்டிக்காரர்கள் எங்கே போடுகிறார்கள்? நான் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். நம்பர் எக்செல்லில் இருக்கிறது. முகம் தெரியாத ஆம்பளைக்குப் போன் போட்டு, அண்ணே, சேர்ந்துட்டீங்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை மேடம். ஒருமுறை போட்டேன். அவர் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன். அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இருந்தால் என்ன, கீழேதானே இருக்கிறது, யாருக்கு இடைஞ்சல்?

மேடம். மேடம், அதைத் தொடாதீங்க.

மன்னிச்சுக்கோங்க. கையைப் பிடித்துவிட்டேன். வலித்ததா? யார் கையையும் நான் இப்படிப் பிடித்ததில்லை. ஆனால் நீங்கள் சிவப்பிடம் போனீர்கள். அவர் காய்ச்சலோடு மழையில் கிடக்கிறார் மேடம். பெருமாள் அண்ணன் இன்றைக்கும் கட்டை ஊன்றித்தான் நடக்கிறார். நீங்கள் படித்தவர், உங்களுக்கு இது வெறும் ஜன்னல். மூட வேண்டுமென்றால் என்னை வெளியே அனுப்பிவிட்டு மூடுங்க. நான் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன்.

என்ன சொன்னீர்கள்?

கேட்டுவிட்டு மூடலாமா? ஒவ்வொருவரிடமும்? நீங்கள் கேட்பீர்களா?

அப்படியென்றால் சரி. எம்மை மட்டும் விட்டுவிடுங்க. எம் கடைசி.

இதோ நம்பர் சொல்கிறேன். ஏ, ஈரோடு. மாசி மாதம் போன வண்டி. ஸ்பீக்கரில் போடுங்க, எனக்கும் கேட்க வேண்டும்.

"எந்த லோடுங்க மேடம்? அதுக்கப்புறம் நான் பத்து லோடு அடிச்சாச்சு."

நல்லது. மூடிக்கோங்க. பார்த்தீர்களா, எத்தனை லோடு அடித்தாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பி, சேலம்.

"மில்லுலேர்ந்தா? நான் வண்டிய வித்துட்டு ஒட்டன்சத்திரத்துல புரோட்டாக் கடை போட்டுட்டேங்க. எங்க சேரணும்?"

சேலம் என்று சொல்லுங்க மேடம்.

"சேலம் சேராமலா இப்ப இங்க மாவு பிசையறேன்?"

அதுவும் சரிதான். மூடிக்கோங்க. எவ்வளவு எளிதாகக் கேட்கிறீர்கள் நீங்கள். குரலே நடுங்கவில்லை. டி, திருப்பூர். இவர் கொஞ்சம் முரட்டு ஆள், பார்த்துப் பேசுங்க.

"சேர்ந்துட்டேனான்னு கேக்கவா கூப்பிட்டீங்க? வேற ஏதும் இல்லையே? மூட்டை குறையுதுன்னு ஏதும்... இல்லையா? சும்மா கேக்கவா? சேர்ந்துட்டேன் தாயி. பத்திரமா சேர்ந்துட்டேன். இத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன், ஏன் லேட்டுன்னு கேக்கத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க."

மூடிக்கோங்க மேடம். ஏன் மூக்கை உறிஞ்சுகிறீர்கள்? இங்கே பஞ்சுத் தூசி அதிகம், புதுசாக வருகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஈ, கரூர்...

அது ஜெசிந்தா அக்கா சத்தம். "திறந்துடுச்சு, எனக்குத் திறந்துடுச்சு, யாரும் மூச்சு விடாதீங்க" என்கிறார். பார்த்தீர்களா? உங்கள் ராசி. நீங்கள் வந்து உட்கார்ந்து டீ கூட முழுசாகக் குடிக்கவில்லை, அதற்குள் சரியாகிவிட்டது. எந்த ஒயரையும் பிடுங்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சில பேர் கை அப்படி.

நிறுத்தாதீங்க, கேளுங்க. கே வரைக்கும் ஆயிற்று, இனி எல், ராஜபாளையம். அப்புறம் எம்மைத் தாண்டி என்னுக்குப் போங்க.

இது என் போன். அவர்தான். இருங்க மேடம்.

"ஜோதி, உள்ள விட்டுட்டாங்க. சிஸ்டம் வந்துருச்சாம். மூட்டை எறக்கிட்டு இருக்காங்க. ஒண்ணும் நனையல. ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுக்கப் போறேன்."

தெரியும், நீங்க போய்ப் படுங்க என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் மூடவே இல்லையே என்றேன். எதை என்றார். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கண்டக்டர் சில்லறை கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கேட்பார்.

எம்மை நான் மூடுகிறேன் மேடம். இப்படிக் கொடுங்க மவுஸை. ஆயிற்று. பாப்பாவிடம் சாயங்காலம் சொல்ல வேண்டும், இனி எம் ஃபார் மங்கிதான் என்று. ஆயாவும் நிம்மதியாக இருப்பார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்று சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. நீங்கள் சாமர்த்தியசாலிதான், ஆனால் அவசரப்பட்டு முதலிலேயே எல்லாவற்றையும் மூடியிருந்தால் அவரை உள்ளே விட்டிருப்பார்களா? நான் கையைப் பிடித்தது நல்லதாயிற்று. இதை எல்லா டெப்போவுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

என்ன, ஒன்றே போதுமா? எல்லா வண்டிக்கும் ஒரே ஜன்னலா? வண்டி கிளம்பியதும் உள்ளுக்குள்ளேயே எஃப் மூன்றை அழுத்திப் பின்னால் வந்துவிட்டால் போதுமா, பழைய பெட்டி மாதிரி? சிவப்பைத் தொடவே வேண்டாமா?

அதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை கவலை இல்லையே மேடம். எஃப் மூன்று மரியாதையானதுதான். சிவப்பை அழுத்தத்தான் எல்லாரும் சொல்லிக் கொடுத்தார்கள். சரி, அப்படியே செய்கிறேன். ஆனால் தூரம் போகிற வண்டிக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று. சேர்ந்ததும் மூடிவிடுவேன். போன் போட்டுக் கேட்டே மூடுவேன். இன்றைக்கு நீங்கள் கேட்டதைப் பார்த்தேனே, அண்ணே என்று ஆரம்பித்தால் போதும் போலிருக்கிறது.

தண்டபாணி சார் வருகிறார். என்ன கோளாறு என்று கேட்பார். என்ன சொல்வீர்கள்?

லைனில் கோளாறா? நான் அப்போதே நினைத்தேன்.

நீங்கள் எதில் போகிறீர்கள், பஸ்ஸா? ஒட்டன்சத்திரம் வழியா? அந்த ரோட்டில் சாயங்காலம் லாரி அதிகம் மேடம், ஓரமாக உட்காராதீங்க. கொஞ்சம் இருங்க.

பாருங்க, உங்களுக்கு ஏ விழுந்திருக்கிறது. முதல் எழுத்து. கீழே இறக்கி வைத்துவிட்டேன், யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்க, மூடிவிடுகிறேன்.